பாத்திரக்கடை ஜன்னலில் ஓர் இடியப்ப உரல்

போன கிழமை முழுக்க நம் வாட்ஸ்அப் குழுவில் இங்கிலாந்துக் கடைத்தெருக்கள்தான். ஒருத்தி தான் வளர்ந்த ஊரின் மீன் பொரிக்கும் கடையைப் பற்றி எழுதினாள். இன்னொருத்தன் தன் ஊரின் இனிப்புக்கடைப் போத்தல்களைப் பற்றி எழுதினான். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து, ஒரு விசேஷமும் இல்லாத ஊரில் வளர்வது பெரிய பாக்கியம் என்றும் அந்தப் பாக்கியம் இங்கிலாந்துக்காரருக்கு மட்டும்தான் கிடைத்தது என்றும் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கனடாவிலிருந்து ஒருவர், "பாவம், நீ ஜேர்மனியில் மாட்டுப்பட்டுப் போனாய்" என்று எழுதினார் பாருங்கள், அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாலாம் வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் என்ற உரிமையில் சொல்கிறேன், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருந்து வாசியுங்கள்.

விசேஷமில்லாத ஊர் என்றால் எங்கள் ஊரை யாரும் வெல்ல முடியாது. ஸ்டுட்கார்டில் ரயில் ஏறினால், ஒரு நல்ல கொட்டாவி விடும் நேரத்துக்குள் ஊர் வந்து போய்விடும். கோட்டை இல்லை. அரண்மனை இல்லை. ஆறு என்று ஒன்று இருந்தது, அதன் மேல் பாலம் இருந்தபடியால்தான் அது ஆறு என்று தெரியும். கார் விடாத ஒரேயொரு கடைத்தெரு, அதன் ஒரு முனையில் தேவாலயம், மறு முனையில் தபால் கந்தோர். மத்தியானம் கடைக்காரர் எல்லோரும் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். சனிக்கிழமை பின்னேரமானால் புறாக்கள்தான் நடந்து திரியும்.

அந்த ஊருக்கு நாங்கள் விரும்பிப் போகவில்லை. அகதி என்று கை தூக்கியவர்களை அரசாங்கம் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியபோது, அப்பா, அம்மா, நான் மூவரும் அங்கே போய் விழுந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய விடுதியில் எங்களைப் போட்டார்கள். ஹைம் என்று எல்லோரும் சொன்னோம். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. ஒரு மனிதன் என்ன செய்வான்? ஒவ்வொரு நாள் பின்னேரமும் எங்களை வெளிக்கிடுத்திக் கடைத்தெருவில் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். தேவாலயத்திலிருந்து தபால் கந்தோர் வரைக்கும் போவோம். பிறகு எதிர்ப்பக்கத்தால் திரும்பி வருவோம்.

அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது. கடைக்கு வெளியே நின்று எவ்வளவு நேரமும் பார்க்கலாம். கண்ணாடியைத் தொடக்கூடாது. உள்ளே கால் வைக்கவே கூடாது.

"வாங்கிற எண்ணம் இல்லாமல் கடைக்குள்ளை போறது கடைக்காரன்ரை நேரத்தைக் களவெடுக்கிறது, பிள்ளை" என்பார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் சொந்த ஊரில் அப்பாவுக்குப் புடவைக்கடை இருந்தது, அது எரிந்துபோனது. அந்தக் கடையில் சும்மா பார்க்க வருகிற சனத்தை அப்பா முறைத்தே வெளியே அனுப்பிவிடுவாராம். உலகத்துக் கடைக்காரர் எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று மனுசன் நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் துணிக்கடை ஜன்னல் வந்தால் மட்டும் அப்பாவால் நடக்க முடியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "துணி மடிக்கத் தெரியேல்லை இவையளுக்கு" என்று தனக்குள் சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

அந்தத் தெருவில் நடந்து நடந்து நான் ஒவ்வொரு ஜன்னலையும் பாடமாக்கிவிட்டேன். கம்பளி நூல் கடையின் கண்ணாடிக்குள் வெயில் படாமல் மஞ்சள் தாள் தொங்கும், அதனூடாகப் பார்த்தால் எல்லா நூலும் ஒரே மஞ்சள்தான். மணிக்கூட்டுக் கடையில் எல்லா மணிக்கூடும் ஒரே நேரத்தைக் காட்டும், அதை நான் அதிசயம் என்று நினைத்தேன். இறைச்சிக்கடைக் கண்ணாடிக்குள் வெள்ளைத் தொப்பி போட்ட பீங்கான் பன்றி ஒன்று தன் சொந்தக்காரரைச் சிரித்துக்கொண்டே விற்கும். அம்மா அந்த இடத்தில் மட்டும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடப்பார். பேக்கரிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் சூட்டோடு ஒரு வாசம் வெளியே வந்து முகத்தில் அடிக்கும். குளிரில் நின்று அந்த வாசத்தை வாங்கியே எங்கள் வயிறு அரைவாசி நிறையும். விலை அட்டைகளைச் சரிவான எழுத்தில் கறுப்பு மையால் எழுதி வைத்திருப்பார்கள். நான் ஜேர்மன் படித்தது பள்ளிக்கூடத்தில் பாதி, அந்த அட்டைகளில் பாதி. அந்த மஞ்சள் தாளையும் சரிவான எழுத்தையும் இன்றைக்கு எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

கதைக்கு வருகிறேன். அந்த மாரிகாலம் தொடங்கும்போது கனடாவிலிருந்து மாமா, அம்மாவின் தமையன், எங்களை எடுப்பிக்க, களவாக எல்லை கடத்திவிடும் ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டார். புது வருடம் பிறந்ததும் வெளிக்கிட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் தபால் கந்தோர் வாசலில் இருந்த மஞ்சள் தொலைபேசிக் கூண்டுக்குள் அப்பாவும் அம்மாவும் நெருக்கிக்கொண்டு நின்று மாமாவோடு கதைப்பார்கள்.

"அங்கை எங்கட சனம் இருக்கு, கோயில் இருக்கு. இஞ்சை என்ன கிடக்கு?" என்று அப்பா திரும்பி வரும்போது சொல்வார். "இந்த ஊரிலை நாங்கள் நாளைக்கு இல்லாமல் போனால் ஒரு குருவிக்கும் தெரியாது."

எனக்கோ அலைந்து அலுத்துவிட்டது. ஊரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து பெர்லின், பெர்லினிலிருந்து இங்கே என்று ஒவ்வோர் இடமும் பழகி முடியும்போது எங்களைக் கிளப்பிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இந்த ஊர் வேண்டும். அதைப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பீங்கான் பன்றியை விட்டு வர மாட்டேன் என்றால் அடிதான் விழும்.

அப்போதுதான் கடைக்காரர் சங்கத்தின் போட்டி வந்தது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமைகளில் அந்த ஊரில் வருடா வருடம் நடப்பது. ஒவ்வொரு கடை ஜன்னலிலும் அந்தக் கடைக்குச் சேராத ஒரு பொருளை ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகள் கடை கடையாகப் போய்க் கண்டுபிடித்து எழுத வேண்டும். எல்லாம் சரியாக எழுதிய பிள்ளையைச் சந்தைச் சதுக்கத்தில் மேடையில் ஏற்றிப் பேரை ஒலிவாங்கியில் சொல்வார்கள், படம் பிடித்து உள்ளூர்ப் பத்திரிகையில் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தாளைத் தந்தபோது என் தலைக்குள் மணி அடித்தது. ஊரே என் பேரைக் கேட்டால், பத்திரிகையில் படமும் வந்தால், நாளைக்கு இல்லாமல் போனால் குருவிக்கும் தெரியாது என்று அப்பா எப்படிச் சொல்வார்? கனடாவை நிற்பாட்ட எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. மற்றப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினார்கள். நான் நடக்கிற நடையிலேயே கண்டு எழுதினேன். மணிக்கூட்டுக் கடையில் மோதிரப் பெட்டிக்குள் ஒரு முட்டை. பேக்கரியில் பாண்களுக்கு நடுவே பாண் நிறத்தில் ஒரு செங்கல். நூல் கடையில் பின்னல் ஊசிகளோடு ஒரு மரக்கரண்டி. நேற்று இல்லாதது இன்றைக்கு இருந்தால் எனக்குத் தெரியாதா? முழுத் தெருவும் முடிந்துவிட்டது, பாத்திரக்கடை ஒன்றைத் தவிர.

பாத்திரக்கடைதான் வில்லங்கம். நத்தாருக்கென்று அந்த ஜன்னலில் மட்டும் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கியிருந்தார்கள், அதில் இருந்த சாமான்களில் பாதி என்னத்துக்கு என்று எனக்குத் தெரியாது. முட்டையை வெட்டுகிற கம்பி, செர்ரிப் பழத்திலிருந்து கொட்டை எடுக்கிற கருவி, இன்னும் என்னென்னவோ. எதைப் பார்த்தாலும் இது இங்கே எதற்கு என்று கேட்கத்தான் தோன்றியது. சமையல் விஷயம்தானே என்று நினைத்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது.

"இடியப்ப உரல்" என்றார்.

நீளப் பிடி இரண்டு வைத்த உலோக உரல் ஒன்று நடுத்தட்டில் இருந்தது. அடியில் கண் கண்ணாக ஓட்டை.

"எங்கட சாமான். இவையளுக்கு இது என்னத்துக்கு? உதுதான் பிழையான சாமான். எழுது பிள்ளை."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் குனிந்து பார்த்துவிட்டு, "ஓம், உரல்தான். இடியப்பம் தெரியாத சனத்தின்ரை கடையிலை இடியப்ப உரல், இதைவிட என்ன வேணும்?" என்றார். மாதக்கணக்கில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அதன் ஜேர்மன் பேர் எனக்குத் தெரியாதபடியால் படம் கீறி, பக்கத்தில் இடியப்பம் என்று அவர்களுடைய எழுத்தில் எழுதிப் போட்டேன்.

சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில் கூட்டம். சூடாக்கிய வைனின் வாசமும் வறுத்த பாதாம் வாசமும் மூக்கை அடைத்தன. நான் தலைமயிரை இரட்டைப் பின்னலாகப் பின்னி, மேடைக்குப் போக ஆயத்தமாக முன்வரிசையில் நின்றேன். சங்கத் தலைவர் ஒவ்வொரு கடையாக விடையைச் சொன்னார். முட்டை, சரி. செங்கல், சரி. மரக்கரண்டி, சரி. பாத்திரக்கடை வந்தது. அகப்பைகளோடு தொங்கிய ஒரு பொருள்தானாம் விடை. சப்பாத்துக்குள் குதிகாலை நுழைக்கப் பிடிக்கிற தகட்டுக் கரண்டி. அம்மா அதைப் புட்டு மா அள்ளுகிற கரண்டி என்று நினைத்திருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுசன் என் தாளைத் தூக்கிக் காட்டினார். ஒரு பிள்ளை ஸ்பெட்ஸ்லே உரலை இங்கே சேராத சாமான் என்று எழுதியிருக்கிறது என்றார். ஸ்பெட்ஸ்லே என்பது அந்தப் பக்கத்து மக்கள் மாவைக் கொதிநீரில் பிழிந்து எடுக்கிற சாப்பாடு, அவர்களுக்கு அது உயிர். முழுச் சதுக்கமும் சிரித்தது. குழந்தைகள் சிரித்தன, கிழவர்கள் சிரித்தார்கள், வாத்தியம் வாசித்தவன் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சிரித்தான். இன்றைக்கு எனக்கும் சிரிப்பு வருகிறது. யாழ்ப்பாணத்துச் சந்தையில் நின்று ஒருத்தி தேங்காய் இங்கே சேராத சாமான் என்றால் நாங்கள் விட்டுவைப்போமா? அன்றைக்கோ எனக்குக் காது எரிந்தது, கண் முட்டியது. மேடை போனது, பத்திரிகைப் படம் போனது, கனடாவுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"ஏன் பிள்ளை சிரிக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

"அது அவையின்ரை உரலாம். எங்கட இல்லையாம்" என்றேன் அழுதுகொண்டே. "எல்லாம் உங்களாலைதான்."

அம்மா குளிர்ச்சட்டையின் பொத்தானைப் பூட்டினார்.

"ஆர் சொன்னது அவையின்ரை எண்டு? வா என்னோடை."

"எங்கை போறீர்?" என்றார் அப்பா.

"கடைக்கு."

"காசில்லாமல் கடைக்குள்ளை போகாதையும்."

"நான் வாங்கப் போகேல்லை. சொல்லப் போறன்" என்றார் அம்மா.

நத்தார் நெருங்கும் சனிக்கிழமைகளில் மட்டும் கடைகளைப் பின்னேரமும் திறந்து வைப்பார்கள். அம்மா பாத்திரக்கடைக் கதவைத் தள்ளினார். மேலே கட்டியிருந்த மணி கிணுங்கியது. கடைக்கார அம்மா நீல மேலங்கியும் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடியுமாக நின்றார். பார்த்தால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருக்கும். அப்பா வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா நேரே ஜன்னலுக்குப் போய் உரலைக் கையில் எடுத்தார். கடைச் சாமானை அம்மா தொட்டதும் நான் வெளியே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லு பிள்ளை. இது நாங்கள் பிறக்க முந்தியே எங்கட வீட்டிலை இருந்த சாமான். அரிசிமாவிலை பிழியிறது. அதோடை, இவையள் கண்ணைப் பெரிசாப் போட்டுப் பழுதாக்கி வைச்சிருக்கினம் எண்டும் சொல்லு."

நான் சொன்னேன். பழுதாக்கி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கடைக்கார அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி எங்களைப் பார்த்தார். படம் கீறிய பிள்ளை நீதானா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இதற்குள் அம்மா உரலின் அடியை விரலால் தட்டிக் காட்டி, சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்த்து, சின்னது, இன்னும் சின்னது என்று கைப்பாஷையில் விளக்கிக்கொண்டிருந்தார். கடைக்கார அம்மா சட்டென்று பின்னால் போனார். எங்களைத் துரத்தப் பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். மனுசி இன்னோர் உரலோடு வந்தார். அதே மாதிரிப் பிடி, ஆனால் ஓட்டைகள் சின்னன்.

அது அவித்த உருளைக்கிழங்கை மசிக்கிறதாம்.

"கிழங்குக்கோ?" என்றார் அம்மா என்னிடம். "இதுதான் இடியப்பத்துக்குச் சரியான கண். கேள் பிள்ளை, இவ்வளவு நாளும் இதை ஏன் உள்ளுக்கை ஒளிச்சு வைச்சிருந்தவ எண்டு."

அதையும் நான் அப்படியே சொல்லவில்லை. ஆனால் கடைக்கார அம்மாவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. முதல்முறையாகச் சிரித்தார். சதுக்கத்துச் சிரிப்பு வேறு, இது வேறு. அடுத்த சனிக்கிழமை கடையில் அடுப்பு வைத்துச் சமைத்துக் காட்டுகிற வழக்கம் உண்டு, வழமையாக வருகிற ஆள் இந்த முறை வரவில்லை, உன் அம்மாவால் முடியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்கமுன்னமே அம்மா, "ஓம்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க ஹைம் சமையலறை அம்மாவின் கையில். யாரோ விட்டுவிட்டுப் போன கோப்பி அரைக்கிற மெஷினில்தான் எங்களுக்கு அரிசி அரைபடும். எவ்வளவு துடைத்தாலும் மாவில் கோப்பி வாசம் போகாது. அம்மா வறுத்தார், அரித்தார், திரும்ப வறுத்தார். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, "உம்மைக் கூப்பிட்டு வைச்சுச் சிரிக்கப் போகினம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா மாவை அரிப்பதை நிற்பாட்டவில்லை.

சனிக்கிழமை வந்தது. கடை நடுவில் மேசை, மேசையில் மின்னடுப்பு. அம்மா இருந்ததில் நல்ல சேலையை உடுத்தி, மேலே கடைக்கார அம்மா கொடுத்த நீல மேலங்கியைப் போட்டிருந்தார். கொதிதண்ணீரை மாவில் விட்டுக் கரண்டிக்காம்பால் கிளறியபோது அந்த வறுத்த வாசம் எழும்பிக் கடை முழுக்க நிறைந்தது. இடியப்பத் தட்டு இல்லையே என்று யோசித்த நேரத்தில், கடைக்கார அம்மா பூ மாதிரி விரிகிற ஓட்டைத் தட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். அம்மா அதை ஒரு விரி விரித்து, உரலைப் பிடித்து, வட்டமாகப் பிழிந்தார். வெள்ளை நூல் நூலாக இறங்கியது. சதுக்கத்தில் சிரித்த அதே சனம்தான், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

முதல் தட்டு இறங்கியதும் பேக்கரிக்காரி தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். மா விஷயத்தில் தன்னைக் கேட்காமல் அந்த ஊரில் ஒன்றும் நடக்கக்கூடாது என்ற எண்ணம் அவளுக்கு. வாயில் வைத்தாள். மென்றாள். திரும்பவும் தட்டை நீட்டினாள். அதன் பிறகு யார் நிற்பாட்டுவது? ஒரு கிழவர் குழம்பு இல்லாமல் தான் எதையும் சாப்பிடுவதில்லை என்றார். அம்மா பசுப்பாலில் வைத்த சொதியை ஊற்றினார். கிழவர் கோப்பையைச் சாய்த்துக் குடித்துவிட்டு, இந்த மஞ்சள் குழம்பை எங்கே வாங்கலாம் என்று கேட்டார். சங்கத் தலைவரும் வந்தார். அவருக்கு அம்மா வேண்டுமென்றே கடைசியாகத்தான் கொடுத்தார். நான் இரண்டு பாஷைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன், என் இரட்டைப் பின்னல் அவிழ்ந்துவிட்டது, அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. ஐயோ, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எந்த மேடையும் தந்திராது.

அப்பாவைத் தேடினேன். அதே இடம், கண்ணாடிக்கு வெளியே, கை பின்னால். உள்ளே இடமில்லாமல் வாசலில் சனம் நெருங்க நெருங்க, அப்பாவின் கழுத்தும் நீண்டது. ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டம் என்று திரும்பப் போனாள். அதை மட்டும் அப்பாவால் தாங்க முடியவில்லை. இருபது வருடம் கடை வைத்திருந்தவர், வந்த ஆளைத் திரும்பிப் போக விடுவாரா? பின்னால் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. "பிட்டே, பிட்டே" என்று, வாங்கோ வாங்கோ என்பதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சொல்லைச் சொல்லி, அவளுக்கு முன்னால் கதவைப் பிடித்துத் திறந்து, வழிவிடுங்கோ என்று மற்றவர்களை ஒதுக்கி, அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியைத் தாண்டியது அவருக்குத் தெரியவே இல்லை. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியது அப்பாதான். சும்மா பார்க்க வந்த சனத்துக்கும் தட்டுக் கொடுத்தார்.

பூட்டுகிற நேரம் கடைக்கார அம்மா எங்கள் மூவருக்கும் கோப்பி ஊற்றினார். வைத்திருந்த உருளைக்கிழங்கு உரல் எல்லாம் விற்றுவிட்டதாகவும், வருகிற சனிக்கிழமைக்கு இன்னும் எடுப்பிப்பதாகவும், அம்மா கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னார். வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை என்று நான் பயந்து பயந்து சொன்னேன். வேலைக்கு யார் கூப்பிட்டது, விருந்தாளியாக வரச் சொல்லு என்றார். அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் நீளப் பேரை நாக்கைக் கடித்துக் கடித்து, ஒரு எழுத்தும் விடாமல் சொன்னார்.

அடுத்த நாள் ஞாயிறு. வழக்கம்போலத் தொலைபேசிக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். மாமா பெரிய குரலில் கதைப்பவர், எனக்கும் கேட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, ஆள் ஆயத்தம், பெட்டியைக் கட்டுங்கோ என்றார். நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கூண்டின் கண்ணாடி வழியாகக் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நாங்கள் வரேல்லை" என்றார் அப்பா.

அந்தப் பக்கத்திலிருந்து மாமா கத்தினார். "உங்களுக்கு விசரோ? அந்த ஊரிலை என்ன கிடக்கு?"

அப்பா நிமிர்ந்து நின்று, ஊரில் தன் புடவைக்கடை மேசையில் கையூன்றிக் கதைக்கிற அதே குரலில் சொன்னார்.

"வாற சனிக்கிழமை உங்கட தங்கச்சியைப் பார்க்கச் சனம் வரும், மச்சான். எப்பிடி வாறது?"

இதுதான் கூட்டாளிகளே, நான் ஜேர்மனியில் மாட்டுப்பட்டுப்போன கதை. அந்தச் சனிக்கிழமை முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்று சொல்லித்தான் கத்திய மாமாவை அப்பா அன்றைக்குச் சமாளித்தார். அது இன்னும் முடியவில்லை.